மன ஒத்திகையும் உடலியக்கமும்
பாக்கின்சன் நோயாளரின் புனர்வாழ்வு குறித்துச் சில சிந்தனைகள்

பாக்கின்சன் நோய் என இன்று உலகெங்கும் அறியப்படும் நோயினை முதன்முதலாகத் தனியொரு நோயாக வரையறுத்து விவரித்தவர் ஜேம்ஸ் பாக்கின்சன் (1755–1824) என்னும் ஆங்கிலேய வைத்தியர். இலண்டனின் ஹொக்ஸ்ரன் பகுதியிலே தொழில் புரிந்த அவர், நடுக்குவாதம் பற்றிய தமது சிறு நூலை 1817ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆறு நோயாளரை மாத்திரமே ஆதாரமாகக் கொண்ட நூல் அது. அவ்வறுவருட் சிலரை அவர் தமது சிகிச்சை அறையிலன்றித் தெருவிலேயே கண்டார். குனிந்த உடலும், நடுங்கும் கையும், நடக்க முற்பட்டு ஓடத் தலைப்படும் காலடியும் அவரது கண்ணிற் பட்டன. இதே மனிதர் 'ஓல்ட் ஹியூபேட்' என்னும் புனைபெயரில் அரசியற் சீர்திருத்தம் கோரித் துண்டுப்பிரசுரங்கள் எழுதியவர் என்பதும், இலண்டன் தொடர்புச் சங்கத்தின் உறுப்பினராயிருந்து, மன்னனைக் கொல்லச் சதி நடந்ததாகச் சாட்டப்பட்ட ஒரு விவகாரம் தொடர்பாக 1794இல் பிரிவி கவுன்சிலின் முன்னிலையில் விசாரிக்கப்பட்டவர் என்பதும் மனங்கொள்ளத்தக்கன. தெருவிலே தள்ளாடிச் செல்வோரை உற்றுநோக்கிய கண்ணும், அத்தெருவில் வாழ்வோரின் உரிமைக்காக எழுதிய கையும் ஒருவருக்கே உரியனவாயிருந்தன.

இந்நோயாளரின் புனர்வாழ்வுக்கு அண்மைத் தசாப்தங்களில் கையாளப்பட்டு வரும் முறைகளுள் ஒன்று, உடலியக்கத்தை மனத்தினுள் ஒத்திகை பார்த்தல் ஆகும். நோயாளர் கதிரையில் அமர்ந்திருந்தவாறே, தாம் எழுந்து நிற்பதையும் நடப்பதையும் திரும்புவதையும் மனத்திலே நிகழ்த்திப் பார்க்கிறார். பின்னர் அதனை உடலாற் செய்கிறார். இலக்கிய மாணவராகிய நமக்கு இதில் என்ன அக்கறை என்ற வினா எழுதல் இயல்பு. இம்முறை பற்றிய ஆய்வுகளிலே அடிக்கடி எதிர்ப்படும் 'படிமம்', 'ஒத்திகை', 'கற்பனை' ஆகிய சொற்கள் நம்முடைய துறையிலும் புழங்குவன. கற்பனை என்பது யாது, அது உடலுடனும் உலகுடனும் எவ்வாறு தொடர்புற்றுள்ளது என்னும் வினா திறனாய்வின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. அவ்வினாவுக்கு நோயாளரின் காலடியிலிருந்து கிடைக்கும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

முதலில் நோயின் தன்மையைச் சுருக்கமாக நோக்குவோம். நடுமூளையிலே கருநிறமாகத் தோன்றும் ஒரு பகுதி உண்டு. அங்குள்ள நரம்புக்கலங்கள் டொபமீன் என்னும் இரசாயனப் பொருளை ஆக்கி, மூளையின் ஆழத்திலுள்ள நரம்புத் திரள்களுக்கு அனுப்புகின்றன. இந்நோயில் அக்கலங்கள் படிப்படியாக அழிகின்றன. டொபமீன் மூளையில் வகிக்கும் பங்கினைச் சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ள்சன் 1957ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார். 1960இல் வியன்னாவிலே ஏரிங்கரும் ஹோர்னிகிவிச்சும், இந்நோயால் இறந்தோரின் மூளையில் அப்பொருள் பெரிதும் குறைந்திருந்தமையைக் கண்டறிந்தனர். மூளையினுட் சென்று டொபமீனாக மாறும் லெவோடோபா, 1961இல் நோயாளருக்கு ஊசி மூலம் ஏற்றிப் பார்க்கப்பட்டது. 1967இல் கொற்சியாஸ் அதனை வாய்வழியே, அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்துப் பயன் கண்டார். இன்றுவரை அதுவே தலையாய மருந்தாகும்.

ஆயினும் அம்மருந்து கலங்களின் அழிவைத் தடுப்பதில்லை. ஆண்டுகள் செல்லச்செல்ல ஒவ்வொரு வேளை மருந்தும் பயன்தரும் நேரம் குறுகுகிறது. விரும்பாத அசைவுகளும் தோன்றுகின்றன. மேலும், நடையில் ஏற்படும் திடீர்த் தடை, சமநிலைக் குலைவு ஆகியன மருந்துக்கு எப்போதும் போதிய அளவு கட்டுப்படுவதில்லை. உடற்பயிற்சி சார்ந்த சிகிச்சைகளின் தேவை இங்கேதான் தோன்றுகிறது.

இந்நோயில் இழக்கப்படுவது எது? தசைகள் வாதமுற்றுச் செயலிழந்துவிடுவதில்லை, எலும்புகளும் கெடுவதில்லை. தானாக நிகழ்ந்தவை தானாக நிகழாது போவதே இந்நோயின் முக்கியமான கூறாகும். நலமுள்ள ஒருவர் நண்பருடன் உரையாடிக்கொண்டே நடப்பார். எந்தக் காலை எப்போது எடுத்துவைப்பது என்று அவர் எண்ணுவதில்லை. பாக்கின்சன் நோயாளரோ ஒவ்வோர் அடியையும் கருத்தூன்றி வைக்கவேண்டியவராகிறார். நடந்துகொண்டிருக்கையில் யாரேனும் கேள்வி கேட்டால் அவரது நடை குறுகுகிறது, சிலவேளை நின்றுவிடுகிறது. எழுதத் தொடங்கினால் எழுத்துக்கள் வரவரச் சிறுத்துச் செல்கின்றன. குரலும் அவ்வாறே தாழ்கிறது. ஆனால், கருத்தூன்றிச் செய்யும் செயல் ஓரளவேனும் எஞ்சியிருக்கிறது. அந்த எச்சமே புனர்வாழ்வின் பிடிமானம்.

2

இயக்கத்தைக் கற்பனை செய்வதும் ஓர் உடற்செயலே என்னும் கருத்து நீண்ட வரலாறுடையது. ஓர் அசைவு பற்றிய எண்ணமே அவ்வசைவை மெல்லத் தூண்டவல்லது என ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் கார்ப்பென்டர் 1852இல் எடுத்துரைத்தார். 1930களில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்கர், கையை மடக்குவதாகக் கற்பனை செய்வோரின் தசைகளிலே நுண்ணிய மின்மாற்றங்கள் உண்டாவதைக் கருவிகளாற் பதிவு செய்தார்.

பின்னர் பிரான்சிலே மார்க் ஜெனரோவும் ஜோன் டெசற்றியும் செய்த பரிசோதனைகள் இவ்விடயத்தைக் காலக்கணிப்புக்கு உட்படுத்தின. ஒரு குறியை நோக்கி நடப்பதற்கு எடுக்கும் நேரமும், நடப்பதாகக் கற்பனை செய்வதற்கு எடுக்கும் நேரமும் ஏறத்தாழச் சமமாயிருத்தலை 1989இல் அவர்கள் காட்டினர். பரிசோதனைக்கு உட்பட்டோர் 25 கிலோகிராம் பாரத்தைச் சுமந்தபோது, கற்பனை நடைக்கு எடுத்த நேரம் கூடிற்று. சுமையின் கனம் கற்பனையிலும் ஏறியிருந்தது என்பதே இதன் பொருள். 1992இல் வெளிவந்த யூ, கோல் ஆகியோரின் ஆய்வில், சுண்டுவிரலை வலுவாக அசைப்பதாகக் கற்பனை மாத்திரம் செய்தோரின் விரல்வலு 22 சதவீதம் அதிகரித்தது. உண்மையாகவே பயிற்சி செய்தோரிடம் அது 30 சதவீதம் ஆயிற்று. 1995இல் பஸ்குவல்-லியோனேயும் உடனாய்வாளரும், ஐந்து விரல்களாற் பியானோ வாசிக்கும் பயிற்சியை மனத்தினுள் மாத்திரம் செய்தோரை ஆராய்ந்தனர். விரல்களை இயக்கும் மூளை மேற்பட்டைப் பரப்பு, உண்மையாகப் பயின்றோரிடம் மாறியதைப் போன்றே இவர்களிடமும் மாறியிருந்தது. எனினும் வாசிப்புத் திறனில் மன ஒத்திகையாளர் பின்தங்கியே நின்றனர். ஒருமுறை கையாற் பயின்ற பின்னரே அவ்விடைவெளி பெருமளவு குறைந்தது.

இச்சான்றுகளிலிருந்து இரண்டு முடிபுகளைப் பெறலாம். ஒன்று, கற்பனை என்பது உடலைக் கடந்து நிற்கும் ஆவியின் தொழிலன்று. அசைவை ஆக்கும் மூளைப் பகுதிகளுட் பலவே அசைவின் கற்பனையையும் ஆக்குகின்றன. மற்றொன்று, கற்பனை செயலுக்கு ஈடாகாது. செயலுடன் சேரும்போதே அதன் பயன் நிறைவுறுகிறது. கருத்துமுதல்வாதிகள் முதலாவதை மறந்துவிடுகின்றனர். உள்ளத்தின் ஆற்றலை ஒரு பொருட்டாகக் கருதாத இயந்திரப் பொருள்முதல்வாதிகளோ, செயலுக்குக் கற்பனை ஆற்றும் துணையைக் காணத் தவறுகின்றனர்.

3

இங்குச் சோவியத் நாட்டிலே நிகழ்ந்த இரு ஆய்வு முயற்சிகளை நினைவுகூரல் பொருத்தமானது. முதலாவது, நிக்கொலாய் பேர்ன்ஸ்டைன் (1896–1966) என்பவருடையது. பாட்டாளிவர்க்கக் கவிஞராக அறியப்பட்ட அலெக்சி கஸ்தெவ் மொஸ்கோவிலே நிறுவிய மத்திய உழைப்பு நிறுவகத்தில், 1920களில் பேர்ன்ஸ்டைன் பணியாற்றினார். உளியின்மீது சுத்தியலால் அடிக்கும் தொழிலாளரின் கையசைவை அவர் நுட்பமாகப் படம்பிடித்து அளந்தார். கைதேர்ந்த தொழிலாளி ஒவ்வொரு முறையும் சுத்தியலை ஒரே பாதையிற் செலுத்துவார் என்றே நாம் எதிர்பார்ப்போம். ஆனால் பாதை அடிக்கடி வேறுபட்டது. அடி மட்டும் உரிய இடத்தில் விழுந்தது. ஆகவே திறன் என்பது மனத்திற் பதிந்துவிட்ட ஓர் அச்சு அன்று எனவும், ஒவ்வொரு தடவையும் சூழ்நிலைக்கேற்பப் புதிதாகத் தீர்க்கப்படும் பிரச்சினை எனவும் அவர் கண்டார். எய்தவேண்டிய எதிர்கால நிலையை மூளை முன்கூட்டியே உருவகித்துக் கொண்டு, அதற்கேற்ப அசைவை வழிநடத்துகிறது என்பது அவரது கோட்பாட்டின் சாரம். தேனீயின் கூட்டையும் மனிதரின் கட்டடத்தையும் ஒப்பிட்டு, மனித உழைப்பின் விளைவு உழைப்பவரின் கற்பனையில் முன்னரே தோன்றிவிடுகிறது என்று மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் (1867) விளக்கியமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. பேர்ன்ஸ்டைன் 1948இல் அரச பரிசு பெற்றவர். ஆயினும் சில ஆண்டுகளுள், பவ்லோவின் கொள்கைக்கு முரணானவர் எனக் கண்டிக்கப்பட்டுத் தமது ஆய்வுப் பதவியை இழந்தார். அறிவியலைக் கட்டளையால் நடத்த முற்பட்டமையால் விளைந்த இக்கேட்டினை முற்போக்காளராகிய நாம் மறைப்பதற்கில்லை.

இரண்டாவது, அலெக்சாந்தர் லூரியாவும் (1902–1977) லெவ் விகோட்ஸ்கியும் (1896–1934) பாக்கின்சன் நோயாளரிடத்திலேயே நேரடியாகச் செய்தவை. சமதரையில் ஓரடியும் எடுத்துவைக்க இயலாத நோயாளர் ஒருவர், மாடிப்படிகளில் ஏறக்கூடியவராயிருந்தார். ஒவ்வொரு படியும் அவரது காலுக்கு ஒரு கட்டளையாய் அமைந்தது. இதனைக் கண்ட ஆய்வாளர், தரையிலே கடதாசித் துண்டுகளை வரிசையாக இட்டு, அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டிச் செல்லுமாறு கூறினர். நோயாளர் நடந்தார். இதனைப் போன்றே, மேசைமீது தொடர்ந்து தட்டுமாறு பணித்தபோது விரைவிலேயே கைவிறைத்துப் போனவர்கள், 'சிவப்பு நட்சத்திரத்துக்கு எத்தனை முனைகள்?' என்று கேட்டு விடையைத் தட்டிக்காட்டச் சொன்னபோது தட்டினர்.

தானியக்கமாய்ச் செல்லும் வழி அடைபட்டபோது, குறியீட்டின் ஊடாகவும் மொழியின் ஊடாகவும் மற்றொரு வழி திறக்கிறது. அவ்வழி பிறப்போடு வந்ததன்று. அது சமுதாயத்திற் பிறரோடு பழகிப் பெற்றது. பின்னர் உள்ளத்தினுட் குடியேறியது. விகோட்ஸ்கியின் உளவியல் முழுவதற்கும் இதுவே அச்சாணி. மன ஒத்திகையை விளங்கிக்கொள்வதற்கும் இதுவே திறவுகோல் என நாம் கருதுகிறோம். கடதாசித் துண்டைத் தரையிலிருந்து எடுத்து மனத்தினுள் இடுவதே மன ஒத்திகை.

4

இம்முறை நடைமுறையில் எவ்வாறு அமைகிறது? கதிரையிலிருந்து எழுதலை எடுத்துக்கொள்வோம். மருந்து நன்கு செயற்படும் வேளையில், இயன்மருத்துவர் நோயாளரை அவர் வழக்கமாக அமரும் கதிரையிலேயே இருத்துகிறார். எழுதல் என்னும் செயல் சிறு கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது: இருக்கையின் விளிம்புக்கு நகர்தல், பாதங்களைப் பின்னிழுத்து ஊன்றுதல், மார்பை முன்சாய்த்து மூக்கு முழங்காலைக் கடக்குமளவு வருதல், கால்களால் தரையை உந்துதல், நிமிர்தல். ஒவ்வொரு கூற்றுக்கும் நோயாளர் தமது சொல்லிலேயே ஒரு பெயர் இடுகிறார். பின்னர் கண்களை மூடி, அதே வரிசையில், இயல்பான வேகத்தில் மனத்தினுள் எழுந்து பார்க்கிறார். அடுத்து உடலால் எழுகிறார். மனத்தில் எழுந்ததும் உடலால் எழுந்ததும் எவ்விடத்தில் வேறுபட்டன என்று இருவரும் பேசுகின்றனர். மறுபடியும் ஒத்திகை, மறுபடியும் செயல்.

ஒத்திகை இருவகைப்படும். தம்மைப் பிறரொருவர் நோக்குவதுபோல வெளியிலிருந்து காணல் ஒருவகை. தசையின் இறுக்கம், பாதத்தில் ஏறும் பாரம், முன்சாயும்போது உண்டாகும் அச்சம் ஆகியவற்றை உள்ளிருந்து உணர்தல் மற்றைய வகை. கவிதையிலே கட்புலப் படிமத்துக்கும் ஊற்றுணர்வுப் படிமத்துக்கும் நாம் காணும் வேறுபாடு இதுவேயாம்.

இங்கு ஓர் அடிப்படைச் சிக்கல் எழுகிறது. அசைவை ஆக்கும் மூளையே கற்பனையையும் ஆக்குகிறதெனின், நோயுற்ற மூளை ஆக்கும் கற்பனையும் நோயுற்றதன்றோ? 1995இல் டொமினேயும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. உடலின் ஒருபக்கமே பாதிக்கப்பட்ட நோயாளரிடத்தில், பாதிக்கப்பட்ட கையின் விரலசைவு மந்தமாயிருந்தது. அக்கையின் விரலசைவைக் கற்பனை செய்தலும் அவ்வாறே மந்தமாயிருந்தது. நோய் கற்பனையினுள்ளும் புகுந்துள்ளது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆரம்ப, இடைநிலை நோயாளரின் மனப்படிமங்கள் தெளிவிலும் ஒழுங்கிலும் பெரிதும் பழுதுறவில்லை என்பதனை 2011இல் வெளியான ஓர் ஆய்வும், புறத்தேயிருந்து கட்புலக் குறிகள் தரப்பட்டபோது கற்பனையின் மந்தம் குறைந்தது என்பதனை 2012இல் வெளியான மற்றோர் ஆய்வும் காட்டின. லூரியாவின் கடதாசித் துண்டு மனத்தினுள்ளும் பயன்பட்டது. 2007இல் ஹெல்மிக்கும் உடனாய்வாளரும் மூளைப் படங்களின் துணையோடு, பாதிக்கப்பட்ட கையைக் கற்பனை செய்கையில் கட்புலத்தோடு தொடர்புடைய பகுதிகள் கூடுதலாகத் தொழிற்படுதலைக் கண்டனர். தடைப்பட்ட பாதையின் வேலையை வேறொரு பாதை பகிர்ந்து கொள்கிறது எனலாம்.

பயனைப் பொறுத்தவரை, சான்றுகள் ஒருமுகமாயில்லை. 2007இல் டமிரும் உடனாய்வாளரும் 23 நோயாளரை இரு குழுக்களாக்கினர். ஒரு குழு உடற்பயிற்சியை மட்டும் செய்தது. மற்றையது உடற்பயிற்சியையும் மன ஒத்திகையையும் இணைத்துச் செய்தது. 12 வாரங்களின் பின்னர், இணைத்துச் செய்தோர் எழுதல், திரும்புதல் முதலிய தொடரசைவுகளை மற்றையோரிலும் விரைவாகச் செய்தனர். ஆனால் 2011இல் நெதர்லாந்திலே பிறௌனும் உடனாய்வாளரும் 47 நோயாளரிடம் நடத்திய ஆய்வில், இயன்மருத்துவத்துடன் மன ஒத்திகை பெற்றோருக்கும், அதனுடன் உடலைத் தளர்த்தும் பயிற்சி பெற்றோருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முதல் ஆய்வை மட்டும் காட்டி வியப்பவரும் இரண்டாம் ஆய்வை மட்டும் காட்டிப் புறந்தள்ளுபவரும் உண்மையின் பாதியையே கூறுவோராவர். எத்தகைய நோயாளருக்கு, எந்நிலையில், எவ்வளவு பயிற்சி, எந்தச் செயலுக்கு என்பனவே இனிக் கேட்கப்படவேண்டிய வினாக்கள்.

5

இறுதியாக, இவ்விடயத்தின் சமூகப் பக்கத்தைத் தொட்டுச் செல்லல் வேண்டும். 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 85 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. லெவோடோபா கண்டுபிடிக்கப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், வறிய நாடுகள் பலவற்றில் அது தொடர்ச்சியாகவோ கட்டுப்படியாகும் விலையிலோ கிடைப்பதில்லை என்பதனையும் அந்நிறுவனமே எடுத்துக்காட்டியுள்ளது. இத்தகைய உலகில், செலவில்லாத சிகிச்சை என்ற பெயர் எதற்கும் எளிதிற் கவர்ச்சியைத் தந்துவிடும். மன ஒத்திகைக்குக் கருவி தேவையில்லை, மருந்தும் தேவையில்லை, நோயாளரின் உள்ளம் ஒன்றே போதும் என்று கூறப்படும்போது நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். அக்கூற்றின் மறுபக்கம், நடக்க இயலாது போனால் அது நோயாளரின் மனோதிடக் குறைவே என்னும் பழியாகும். மருத்துவமனைகளும் அரசுகளும் ஏற்கவேண்டிய பொறுப்பு, ஓசையின்றி நோயாளரின் தலையில் ஏற்றப்பட்டுவிடுகிறது.

நாம் மேலே கண்டவை அக்கூற்றினைப் பொய்ப்பிக்கின்றன. நோயுற்ற மூளையின் கற்பனைக்குப் புறத்தேயிருந்து ஒரு குறி வேண்டும். அதனை இடுவதற்கு மற்றொரு மனிதர் வேண்டும். செயலைக் கூறுகளாகப் பிரித்துக் காட்டவும், ஒத்திகைக்கும் செயலுக்குமிடையேயுள்ள வேறுபாட்டைச் சேர்ந்திருந்து பேசவும், எழும்போது விழாது தாங்கவும் பயிற்சி பெற்றவர் ஒருவர் வேண்டும். ஒத்திகை கைகூடும் வேளையைத் தருவதற்கு மருந்து வேண்டும். வீட்டிலே, பெரும்பாலும் மனைவியோ மகளோ ஊதியமின்றிச் செய்யும் பராமரிப்பும் இக்கணக்கிற் சேர்க்கப்படல் வேண்டும். இவையனைத்தையும் உள்ளடக்கியதாகவே மன ஒத்திகை ஒரு சிகிச்சையாகிறது. இவற்றினின்றும் பிரித்தெடுத்தால் அது வெறும் அறிவுரையாகவே எஞ்சும்.

நாடகம் பயின்றோர் இதனை எளிதில் உணர்வர். ஒத்திகை என்பது ஒருவர் தனியறையிலிருந்து தமக்குள் வசனம் சொல்லிப் பார்ப்பதோடு முடிவதில்லை. உடன் நடிப்போர், நெறியாளர், விளக்கு, தளம், எவ்விடத்தில் நிற்பது என்று தரையிலே சுண்ணத்தால் இடப்பட்ட கோடு ஆகியன சேர்ந்தே ஒத்திகை நிகழ்கிறது. கதிரையிலிருந்து எழ முயலும் முதியவரின் ஒத்திகையும் அத்தகையதே. அவரது உள்ளம் தன் பங்கைச் செய்கிறது. தரையிற் கோடிடும் பங்கு சமுதாயத்தினுடையது.